மலையிலிருந்து வெளிநாட்டு மாரத்தானுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் காலையில் ஓடுகிறவர்களிடையே இப்போது பெர்லின், சிகாகோ, டோக்கியோ என்று பேச்சு அடிபடுகிறது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கில் செலவாகும் காரியம் இது, அதுவும் ஒரே ஒரு காலைப்பொழுதுக்காக. பயிற்சியில் நம் ஆட்கள் குறை வைப்பதில்லை, திட்டத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கிடைக்கிற அறிவுரைகளும் பெரும்பாலும் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிற சமவெளி நகரத்துக்காரர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. மலையிலிருந்து கிளம்புகிறவருக்குக் கணக்கு பல இடங்களில் மாறும்.

டிக்கெட் முதலில், இடம் அப்புறம்

சலுகை விலையில் விமான டிக்கெட் கிடைத்தது என்று போட்டுவிட்டு, அதன்பிறகு ஓட்டத்தில் இடம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய நகர மாரத்தான்களில் பணம் கட்டினால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. 2026 லண்டன் மாரத்தானுக்குக் குலுக்கலில் விண்ணப்பித்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். கிடைத்தவர்கள் அதில் மிகச் சிறிய பங்கு. குலுக்கலை விட்டால் மூன்று வழிகள்: தகுதி நேரம், அறக்கட்டளைக்கு நிதி திரட்டி ஓடுவது, அந்த ஓட்டத்தின் அதிகாரப்பூர்வ பயண நிறுவனத்திடம் தங்குமிடத்தோடு சேர்த்து வாங்குவது. கடைசி வழி செலவு கூடியது. ஆனாலும் லீவு கிடைப்பதே கஷ்டம் என்கிறவர்களுக்கு அதுவே நிம்மதி. இடம் கிடைத்த இன்னொருவரின் பிப்பை (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கி அவர் பெயரில் ஓடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் பிப் கையில் தருவார்கள். வேறு பெயரில் ஓடிப் பிடிபட்டால் அந்த ஓட்டத்துக்கே திரும்ப வர முடியாமல் போகலாம். நடுவழியில் மயங்கி விழுந்தால் மருத்துவர் கையில் இருப்பது வேறொருவரின் விவரமாக இருக்கும்.

பாஸ்டனைக் குறிவைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே 18 முதல் 34 வயது வரை ஆண்களுக்குத் தகுதி நேரம் 2 மணி 55 நிமிடம், பெண்களுக்கு 3 மணி 25 நிமிடம். அந்த நேரத்தைத் தொட்டாலே இடம் உறுதி என்று நினைக்கக் கூடாது. விண்ணப்பம் அதிகமானால் இன்னும் வேகமாக ஓடியவர்களுக்கே இடம். நேரத்தை வாங்க இறக்கமான பாதையில் நடக்கும் மாரத்தானைத் தேர்ந்தெடுப்பது மலைக்காரர்களுக்கு இயல்பாக வரும் யோசனை, இறக்கத்தில் ஓடுவது நமக்குக் கைவந்த கலை. ஆனால் 2027 ஓட்டத்திலிருந்து விதி மாறிவிட்டது. நிகர இறக்கம், அதாவது தொடக்க இடத்தைவிட முடியும் இடம் தாழ்ந்திருக்கும் அளவு, 1,500 அடியைத் தாண்டிய பாதையில் எடுத்த நேரத்தோடு 5 நிமிடம் கூட்டிக் கணக்கிடுவார்கள். 3,000 அடியைத் தாண்டினால் 10 நிமிடம். 6,000 அடிக்கு மேல் போனால் அந்த நேரம் செல்லவே செல்லாது.

விசாவை ஓட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒவ்வொரு நாட்டுக்கும் விசா காலண்டர் வேறு. பெர்லினுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. அதற்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. பிரிட்டன் விசாவுக்கு 3 மாதம் முன்னால்தான் வாசல் திறக்கும். அமெரிக்காவுக்கு நேர்காணல் உண்டு, அதற்குச் சென்னைத் துணைத் தூதரகம். நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே சிகாகோவோ நியூயார்க்கோ போக ஆசையிருந்தால், குலுக்கல் முடிவுக்குக் காத்திருக்காமல் விசாவை முன்னாலேயே வாங்கி வைப்பது என் சிபாரிசு. இந்தியர்களுக்கு அந்தச் சுற்றுலா விசா பொதுவாக 10 ஆண்டுக்குக் கொடுக்கப்படுகிறது, இந்த வருஷம் குலுக்கலில் விழாவிட்டாலும் வீணாகாது.

பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்குக் கோயம்புத்தூர், விசாவுக்குச் சென்னை என்று நாம் ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்கி ஏற வேண்டும். பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதத்தில் இந்த அலைச்சலை வைத்துக்கொண்டால் முதலில் அடிபடுவது ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம்தான்.

மலை மூச்சை நம்பி வேகம் போடுவது

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100-க்கு மேல், குன்னூர் 1,850. பெர்லின், லண்டன், நியூயார்க் எல்லாம் கடல் மட்டத்துக்குப் பக்கம். அங்கே போய் முதல் கிலோமீட்டரில் கால் வைத்ததும் மூச்சு அவ்வளவு தாராளமாகக் கிடைக்கும். இங்கே கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் வாங்கிய இளைப்பு அங்கே 5:30-இல்கூட வராது. "இன்னைக்கு என்னவோ பறக்கிறோம்" என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதுதான் நிதானம் வேண்டும்.

காரணம், இதயமும் நுரையீரலும் தாங்கும் வேகத்தைக் கால் தசை தாங்கும் என்று சொல்ல முடியாது. மலையில் நாம் ஏறும்போது மெதுவாகிறோம், இறங்கும்போது வேறு தசையை வேலை வாங்குகிறோம். ஒரு தசைக்குக் களைப்பு என்றால் அடுத்த வளைவில் இன்னொன்று பொறுப்பை ஏற்கிறது. பெர்லின், சிகாகோ போன்ற தட்டையான சாலையில் அந்த மாற்றமே கிடையாது. 42.195 கிலோமீட்டரும் ஒரே அடி, ஒரே கோணம். 30 கிலோமீட்டர் வரைக்கும் மூச்சு நன்றாக இருக்கும், அதற்குமேல் தொடையும் பின்தசையும் கட்டை மாதிரி இறுகிவிடும். மலையில் பயிற்சி பெற்றவர் தட்டைச் சாலையில் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கு ஒரே வழி, பயிற்சியின் கடைசி இரண்டு மாதத்தில் சில நீண்ட ஓட்டங்களைக் கீழே வைத்துக்கொள்வது. முந்தின நாள் சாயங்காலமே இறங்கி, மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ தங்கி, விடியற்காலையில் சமதளத்தில் 28, 30 கிலோமீட்டர் போட்டுவிட்டு ஏறுங்கள். கோவை ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதை சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சலிப்பும் பயிற்சியில் சேர்ந்ததுதான். கொடைக்கானல்காரர்களுக்கு ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் ஓரளவு சமமான பாதை இருக்கிறது, வார நாள் ஓட்டத்துக்கு அது போதும். ஓட்ட நாளின் வேகத்தை இந்தச் சமதள ஓட்டங்களை வைத்து முடிவு செய்யுங்கள். ஊட்டியில் ஓடிய நேரத்தை ஏதோ ஒரு கணக்கில் குறைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கீழே ஓடுவதால் இன்னொரு லாபம், வெயில் பழகும். வெளிநாடு என்றால் குளிர் என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். 2007 அக்டோபரில் சிகாகோவில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி, ஓட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் போல ஆகும். 20 டிகிரியைத் தாண்டினாலே "என்ன வெக்கை" என்கிற நமக்கு இது சமவெளிக்காரர்களைவிட அதிகம் பொருந்தும்.

வெயிலுக்குப் பயந்து ஒவ்வொரு மேசையிலும் தண்ணீரை வாங்கிக் குடித்துக்கொண்டே போவது அடுத்த தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு உப்பின் (சோடியம்) அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், சிறுநீரகத்துக்கு அது கெடுதல்.

பாஸ்டன் மட்டும் இந்த விஷயத்தில் நமக்கு நெருக்கமான பாதை. ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி முதல் பாதி பெரும்பாலும் இறக்கம், பிறகு நியூட்டன் மேடுகள், 32-ஆவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஹார்ட்பிரேக் ஹில். கோத்தகிரியில் ஓடியவருக்கு அந்த மேடு ஒன்றுமே இல்லை, ஆனால் அதற்கு முந்தைய இறக்கத்தில் தொடையைப் பாழாக்கிக்கொள்ளாமல் வந்திருக்க வேண்டும்.

காட் ரோட்டைக் கணக்கில் சேர்க்காதது

நியூயார்க் மாரத்தான் நவம்பர் முதல் ஞாயிறு. அதற்குக் கிளம்ப வேண்டிய அக்டோபர் கடைசி வாரம் நமக்கு வடகிழக்குப் பருவமழை. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் நமக்குத் தெரியாததல்ல, ஆனாலும் விமானம் பிடிக்க அன்றைக்கு மதியம் கிளம்பினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். கோத்தகிரி வழி மாற்றுப்பாதை உண்டு, ஆனால் ஒரு சாலை அடைந்தால் எல்லா வண்டியும் அதில்தான் வரும்.

பெங்களூரிலிருந்து விமானம் என்றால் கூடலூர் வழி பந்திப்பூர் காட்டைக் கடக்க வேண்டும். அங்கே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்துக்கு நேரம் இருக்கிறது என்று சாவகாசமாகக் கிளம்பி, 9 மணிக்குக் கதவு மூடியபின் போய் நின்றால் அவ்வளவுதான். சென்னை வழி போகிறவர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் நல்ல வழி, ராத்திரி படுத்துக்கொண்டே போகலாம். ஓட்டத்துக்கு முந்தைய வாரத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு போவதைவிட, பகலில் நிதானமாக இறங்கி ஒரு இரவு கீழே தூங்கிப் போவது எத்தனையோ மேல்.

போய் இறங்கிய பிறகு

ஓட்டத்துக்கு முந்தின நாள் போய் இறங்குவது பணத்தை மிச்சப்படுத்தும், உடம்பைக் கெடுக்கும். பெர்லின் செப்டம்பரில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், மூன்று நாள் முன்னால் போனால் போதும். டோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 9:10-க்கு ஓட்டம் என்றால் நம் உடம்புக்கு அது 5:40, சீக்கிரம் எழுந்து ஓடிப் பழகியவருக்குச் சிரமம் இருக்காது. நியூயார்க்தான் கஷ்டம். அங்கே காலையில் நிற்கும்போது இங்கே ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும் நேரம். ஐந்து நாளாவது முன்னால் போங்கள். இன்னொன்று, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவது நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை, அதாவது ஓட்ட நாளேதான். நம் நாட்டில் இந்த வழக்கம் இல்லாததால் நமக்கு அது நினைவிலேயே இருக்காது. போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரத்தை நம்பி அலாரம் வைத்தவர் குழம்புவார்.

பிப் வாங்கும் எக்ஸ்போ என்கிற கண்காட்சி ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில்தான், ஓட்ட நாளில் தரமாட்டார்கள். சனிக்கிழமை வரை தள்ளிப்போடாமல் எக்ஸ்போ தொடங்கும் நாளே போய் வாங்கிவிட்டு வெளியே வாருங்கள். அங்கே விற்கும் புதுக் காலணியையும் புது ஜெல்லையும் (ஓடும்போது சக்திக்கு உறிஞ்சும் பாகு) ஓட்டத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஓடப்போகும் காலணியைக் கையோடு விமானத்துக்குள் கொண்டு போங்கள், பெட்டி தொலைந்தாலும் ஓட்டம் தொலையாது. ஊர் சுற்றிப் பார்ப்பதை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இங்கே நீண்ட ஓட்டத்துக்கு முன் எது சாப்பிட்டீர்களோ அதற்கு நெருக்கமானது. சமையலறை உள்ள தங்குமிடம் கிடைத்தால் முந்தின இரவு சோறும் தயிரும் முடிந்துவிடும். பழம், விதை, இறைச்சி போன்றவற்றை அமெரிக்காவுக்குள் கொண்டு போகப் பார்க்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

நியூயார்க்கில் தொடக்க இடம் ஸ்டேட்டன் தீவு. படகிலோ பேருந்திலோ விடியலில் போய்ச் சேர்ந்து, வெட்டவெளியில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊட்டிக் குளிரைப் பார்த்தவர்களுக்கு இதென்ன என்று மெல்லிய சட்டையோடு போகக் கூடாது. ஓடும்போது படும் குளிர் வேறு, தரையில் உட்கார்ந்து வாங்கும் கடல் காற்று வேறு. வீட்டில் கிடக்கும் பழைய ஸ்வெட்டரையும் குல்லாவையும் கொண்டு போய், ஓடத் தொடங்கும் முன் கழற்றிப் போட்டுவிடலாம். அவற்றைச் சேகரித்துத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் லண்டனிலும் பாதையில் தூரத்தை மைலில்தான் பெரிதாகக் காட்டுவார்கள். சிகாகோவின் உயரக் கட்டடங்களுக்கு நடுவே கடிகாரத்தின் ஜிபிஎஸ் தவறான வேகத்தைக் காட்டும். ஒவ்வொரு 5 கிலோமீட்டரையும் எத்தனை மணி நேரம் எத்தனை நிமிடத்தில் தாண்ட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கட்டிக்கொள்வது இன்றைக்கும் நம்பகமான முறை.

காப்பீடும் திரும்பி வருவதும்

2012-இல் சாண்டி புயலால் நியூயார்க் மாரத்தானை இரண்டு நாள் முன்னால் ரத்து செய்தார்கள், பல நாட்டிலிருந்து ஓட்டக்காரர்கள் வந்து இறங்கிய பிறகு. ஆகவே பயணக் காப்பீட்டில் இரண்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பயணம் ரத்தானால் என்ன கிடைக்கும், மாரத்தானில் அடிபட்டால் செலவு ஏற்கப்படுமா. சில திட்டங்களில் விளையாட்டுப் போட்டிகளுக்கு விலக்கு இருக்கும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஆனால் விசாவுக்காக வாங்கிய மலிவான காப்பீடு ஓட்டத்தையும் சேர்த்துக் காக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடி முடித்த அன்று இரவே விமானம் ஏறாதீர்கள். நீர் வற்றிய உடம்போடு பத்து மணி நேரத்துக்கு மேல் மடங்கி உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். ஒரு நாளாவது நடந்து, தூங்கி, பிறகு ஏறுங்கள். கோயம்புத்தூரில் வந்து இறங்கியதும் நிறுத்திவிட்டுப் போன வண்டியை எடுத்துக்கொண்டு தானே ஓட்டி மேலே ஏறலாம் என்ற எண்ணமும் வேண்டாம். தூக்கம் கெட்ட கண்ணும் பிரேக்கை மிதிக்கவே வலிக்கும் காலும் பர்லியாறு வளைவுகளுக்கு ஆகாது. வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டாக்ஸி வையுங்கள்.