சிறுதொழில் செய்வோர் எல்லாருக்கும் பயன்படும் உதவிக் குழுவை அமைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ கோயில் மண்டபத்தில் உதவிக் குழு தொடங்க விரும்புவோர், ‘அனைவரும் வருக’ என்று எழுதி ஒட்டுவதற்கு முன், யாரால் வர இயலாது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்ணுக்கு இரவு ஏழு மணிக் கூட்டம் உதவாது. திரும்பிச் செல்ல டாக்சி கிடைப்பது அரிது. சனிக்கிழமைப் பிற்பகலில் கூடுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வரலாம் என்று அழைப்பிலேயே குறிப்பிடுங்கள்.

நம்மவர் மட்டும் கூடினால் போதும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. டர்பனில் 1910-இல் தொடங்கிய விடியற்காலைச் சந்தை இருக்கும் இடத்தில் வணிக வளாகம் கட்டும் திட்டம் 2009-இல் வந்தபோது, கடைக்காரர்களோடு சுமைவண்டி தள்ளுவோரும் சேர்ந்தே எதிர்த்தனர். ஆகவே சூலு மொழி பேசும் ஆப்பிரிக்க வியாபாரிகளையும் அழையுங்கள். சொல்வதை ஆங்கிலத்திலும் சூலுவிலும் சொல்லுங்கள். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியின் பக்கத்தில் ஒருவரை அமர்த்துங்கள்.

பணம்தான் சிக்கலான பகுதி. நம் சீட்டும், ஆப்பிரிக்க மக்களின் ஸ்டோக்வெல் என்னும் சேமிப்புக் குழுவும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடு என்பதால் விளக்குவது எளிது. பத்துப் பேர் மாதம் 500 ரேண்ட் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 5,000 ரேண்ட் சேரும். புதியவரைக் கடைசி முறைக்குத் தள்ளுவது வழக்கம். குழுவுக்கு அது பாதுகாப்புத்தான், ஆனால் தொழிலுக்கு முதலாகப் பணம் தேவைப்படும் அவருக்கோ பத்து மாதம் வெறும் சேமிப்பாகிவிடும். இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியவருக்கு மூன்றாம் முறையைக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இருவர் கையெழுத்திட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும்படி மாதந்தோறும் இருப்பை உரக்கப் படியுங்கள்.

பதிவு வேலையில் அதிகம் குழம்ப வேண்டாம். தனியாளாகத் தொழில் செய்பவர் கம்பெனி பதிவு செய்யத் தேவையில்லை. சார்ஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க வரித்துறையில் வரிக்குப் பதிவு செய்வது வேறு. உணவு விற்பவருக்கோ, 2018-இல் வந்த, உணவுக் கூடங்களின் சுகாதாரம் பற்றிய ஆர் 638 விதிப்படி நகராட்சியின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சுகாதார அதிகாரி சமையலறையைப் பார்க்க வருவதற்கு முன், ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற உறுப்பினர் ஒருவர் அந்த ஊறுகாய்க்காரம்மாவின் வீட்டுக்குச் சென்று, கை கழுவுமிடத்தில் சோப்பும் தண்ணீரும் உள்ளனவா, குப்பைத்தொட்டிக்கு மூடி உண்டா, ஜாடிகள் தரையில் வைக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து, அங்கேயே அவரோடு சேர்ந்து சரிசெய்துவிட்டு வர வேண்டும்.