டெபியன் மேம்படுத்தியதும் பிரிட்ஜ் படுத்துவிட்டால்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி சர்வரை டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்புக்கு ஏற்றிய அன்று, உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினி) எதற்கும் நெட்வொர்க் இல்லை. சுவிட்சில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் சர்வரில் நேரடியாக மானிட்டரை மாட்டுங்கள். காட்பாடியில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ரிமோட்டில் இதைத் தொடவே கூடாது; நடுவில் இணைப்பு அறுந்தால் உள்ளே நுழைய வழியிருக்காது. நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளையை அடித்து, வரும் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எனக்கு 'இஎன்பி2எஸ்0' என்றிருந்த கார்டு 'இஎன்பி3எஸ்0' ஆகியிருந்தது. விர்ச்சுவல் மெஷின்களை அந்தக் கார்டோடு இணைக்கும் 'பிஆர்0' பிரிட்ஜோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது.

சரி, நெட்வொர்க் அமைப்புகள் எழுதியிருக்கும் இன்டர்ஃபேசஸ் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, பிரிட்ஜ் போர்ட்ஸ் வரியில் புதுப் பெயரைப் போடுங்கள். ஐபி முகவரி பிரிட்ஜுக்குத்தான், கார்டுக்கு வேண்டாம். பலர் தடுக்கி விழும் இடம் இது. அப்புறம் நெட்வொர்க்கிங் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, விர்ச்சுவல் மெஷின்களையும் ஒருமுறை நிறுத்தித் திரும்ப ஓடவிடுங்கள்.