பழைய ஆர்கேட் மெஷினா? உடனே ஸ்விட்சைப் போடாதீங்க

போன வருஷம் ஜார்ஜ் டவுனில் ஒரு கடையின் பின்கட்டில் தூசி படிந்து கிடந்த ஜப்பான் ஆர்கேட் மெஷினை, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியை, வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஆசை தாங்காமல் நேராகப் பிளக்கைச் செருகினேன். 'டப்'! மீன் கருகிய மாதிரி ஒரு வாடை. அது 100 வோல்ட் மெஷின். நம் வீட்டில் வருவதோ 230.

அதனால் முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 100 என்று இருந்தால் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். பிறகு கேம் போர்டை (கேம் இருக்கும் சர்க்யூட் பலகை) கழற்றிவிட்டு, பவர் சப்ளையை மல்டிமீட்டரில் பாருங்கள். 5 வோல்ட் லைன் 5.5ஐத் தொட்டால் போர்டை மாட்டவே வேண்டாம். மாட்டிய பிறகும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், சுமை ஏறினால் இறங்கும்.

போர்டில் பேட்டரியைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் கசிவுதான், கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஆனால் ஜப்பான் கேம் கம்பெனி கேப்காமின் சிபிஎஸ்-2 என்ற வகை போர்டில் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். பேட்டரி போனால் கேமும் போச்சு.

பிக்சர் டியூப் பக்கம் மட்டும் நான் கையே வைப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பழைய டிவி ரிப்பேர் செய்யும் அண்ணன் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.