ஆட்டோ ஏசி பேனல் வாங்கும் முன் நாபைத் திருகிப் பாருங்கள்

பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டி கோவைக்குப் போய், கையால் திருகும் ஏசி உள்ள காரில் மாட்ட பழைய ஆட்டோ ஏசி (குளிரைத் தானே சரிசெய்யும் ஏசி) பேனலுக்குப் பேரம் பேசும் முன், காரின் இக்னிஷனை அணைத்துவிட்டு டெம்பரேச்சர் நாபைத் திருகுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி இழுத்து லீவர் அசைந்தால் அது கேபிள் வகை, பேனலை மட்டும் மாற்றிப் பயனில்லை. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் ஃபிளாப்பை ஆட்டோ ஏசி சின்ன மோட்டார் வைத்துத் தானே திருப்புகிறது. கேபிளை அதால் இழுக்க முடியாது. மோட்டார், காருக்குள் வெப்பத்தை அளக்கும் கேபின் சென்சார், வயரிங் என்று செலவு எகிறிவிடும்.

இக்னிஷன் போட்ட பிறகுதான் லீவர் நகர்கிறது என்றால் அது மோட்டார் வகை, பாதி வேலை முடிந்த மாதிரி. அப்போதும் பேனலின் வயர் கனெக்டர் உங்கள் காருக்குப் பொருந்துமா என்று பார்த்தே வாங்குங்கள். ஹீட்டரே இல்லாத பழைய வண்டிகளுக்கு இந்தச் சோதனை உதவாது. அப்புறம், அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் தொடாதீர்கள். பெரும்பாலும் அது ஏர்பேக்குடையது.