மலைவீட்டில் இணையம் விட்டுவிட்டு வந்தால் எங்கிருந்து தேடுவது

இணையம் நின்றதும் ரவுட்டரை அணைத்துப் போடுவது எல்லோருக்கும் பழகிப்போன வைத்தியம். அதில் தவறில்லை. ஆனால் அணைக்கும் முன் முகப்பில் எரியும் விளக்குகளை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அணைத்த மறுகணமே கோளாறின் தடயமும் மறைந்துவிடும். பின்புறத்தில் குச்சியால் அழுத்தும் ரீசெட் பொத்தானை மட்டும் தொடவே கூடாது. இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய அனைத்தையும் அது துடைத்துவிடுவதால், கோத்தகிரிக்கு அப்பாலுள்ள சிற்றூர்களில் டெக்னீஷியன் வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரிடும்.

கண்ணாடி இழை வழியே ஒளியாகத் தகவல் வரும் ஃபைபர் இணைப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு விளக்குகள். ‘பான்’ (PON) எனக் குறிக்கப்பட்டது சிமிட்டாமல் பச்சையாக எரிந்தால், நிறுவனத்தின் கருவியோடு நம் பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘எல்ஓஎஸ்’ (LOS) சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ கேபிள் வழியே போதுமான ஒளி வந்து சேரவில்லை. பெட்டியை நூறு முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. இவை இரண்டும் சரியாக இருந்து ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியாவிட்டால், பெரும்பாலும் கட்டணக் கெடு முடிந்திருக்கும் அல்லது பயனர் பெயர் ஏற்கப்படாமல் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு டிசம்பர் மாதம் முழுவதும் மாலை ஆறு மணிக்கு இணையம் நின்று காலை எட்டு மணிக்கு மீண்டது. மாலையில் எல்லோரும் பயன்படுத்துவதால் நெரிசல் என்று தொலைபேசியில் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். உண்மையில் ஃபைபர் கேபிளைச் சன்னல் சட்டத்தின் மூலை வழியாக உள்ளே இழுத்திருந்தார்கள். குளிருக்குப் பயந்து மாலையில் சன்னலைச் சாத்தும்போதெல்லாம் கதவின் விளிம்பு அதை நசுக்கியது. காலையில் வெயில் வந்து சன்னலைத் திறந்தால் ஒளியும் வந்தது. முடி போன்ற கண்ணாடி இழை என்பதால் அதை டீ கிளாஸின் வாயளவைவிடக் குறுகலாக வளைப்பது நல்லதன்று. இழை முறியாவிட்டாலும் வளைவில் ஒளி கசிந்துவிடும். சுவரில் ஓட்டை போட்டு நேராக உள்ளே கொண்டுவந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இத்தகைய கசிவை எண்ணாகவே பார்க்கலாம். உலாவியில் 192.168.1.1 அல்லது பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள முகவரியைத் திறந்து, ஒளியளவு காட்டும் பக்கத்தைத் தேட வேண்டும். பெறும் ஒளி, அதன் வலிமையைச் சொல்லும் டிபிஎம் (dBm) என்ற அலகில், மைனஸ் 15 முதல் மைனஸ் 25க்குள் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27க்கும் கீழே போனால் இணைப்பு தள்ளாடத் தொடங்கும். மூன்று டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று கொள்ளலாம். கேபிள் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

அதே பக்கத்தில், பெட்டி எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் காட்டும். பலரும் கவனிக்காமல் விடும் இந்த எண்ணையே நான் முதலில் பார்ப்பேன். இணையம் பத்து நிமிடத்துக்கு முன் அறுந்தது, ஓடிய நேரமும் பத்து நிமிடம் என்றால் குற்றவாளி மின்சாரம். கீசரோ ஹீட்டரோ போட்டதும் விளக்கு மங்குகிற வீடுகளில், தேய்ந்துபோன அடாப்டர் தேவையான 12 வோல்ட்டைக் கொடுக்க முடியாமல் ரவுட்டரை அணைத்து எழுப்பிவிடும். அதே வோல்ட்டும் அதற்குக் குறையாத ஆம்பியரும் கொண்ட புதிய அடாப்டரும், ரவுட்டருக்கென்றே விற்கும் சிறு யூபிஎஸ்ஸும் இதற்குப் போதும். மாறாக, ஓடிய நேரம் பல நாள்களாக இருந்தும் இணையம் அறுந்திருந்தால், வெளியிலிருந்து வரும் கேபிள் வழியிலோ வீட்டு வைஃபையிலோதான் கோளாறு.

வழியா வைஃபையா என்று பிரித்தறிய, லேன் கேபிளில் கணினியை இணைத்துப் பார்ப்பதே நம்பகமானது. அதற்கு வசதியில்லையென்றால் முதலில் ரவுட்டரின் முகவரிக்கும், பிறகு வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் பிங் (பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் சிறு சோதனை) அனுப்பலாம். ரவுட்டரிடமிருந்தே பதில் தாமதித்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கும் வைஃபையில். பழைய கருங்கல் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் கடக்காது. அடுத்த அறைக்கு 2.4ஐயே நம்ப வேண்டும், இல்லையேல் லேன் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைக்க வேண்டும். ஊட்டி நகரத்துக்குள் விடுதிகள் நெருங்கிய இடத்தில் அக்கம்பக்க வைஃபைகள் ஒன்றோடொன்று மோதுவதால், 2.4 அலையின் 1, 6, 11 ஆகிய சேனல்களை மாற்றிப் பார்ப்பது உதவும். தேயிலைத் தோட்டத்தின் நடுவில் தனித்து நிற்கும் வீட்டில் அதனால் பெரிய பலன் இராது.

பனிமூட்டம் ஃபைபருக்குள் செல்லும் ஒளியைத் தடுப்பதில்லை. ஆனால் வெளிச்சுவரில் மாட்டிய இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் முனைகள் அழுக்காகி ஒளி குறையும். இடிமின்னலின்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் மின்வழிப் பாதையில் வரும் அதிர்ச்சி பெட்டியைக் கருக்கிவிடும்.

புகார் சொல்லும்போது ‘நெட் ஸ்லோ’ என்பதோடு நிறுத்தாமல், அறுந்த நேரம், எரிந்த விளக்கு, ஒளியளவு ஆகிய மூன்றையும் சொன்னால் பெட்டியை மாற்றுவதற்கு முன் கேபிளைச் சோதிக்க அவர்களுக்கு வேறு வழியிருக்காது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், கம்பத்திலிருந்து வீடுவரை நடந்து, சில்வர் ஓக் கிளை கேபிளை உரசுகிற இடங்களைக் கண்டு வெட்டச் சொல்வது நல்லது. டெக்னீஷியன் வந்தால், கூரையின் இறவாணத்துக்கு அடியில் இரண்டு மூன்று மீட்டர் உபரிக் கேபிளை அகலமாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கிளை முறிந்து விழுந்து வீட்டருகே கேபிள் அறுந்தால், புதிதாக இழுக்காமல் அதிலிருந்தே எடுத்து ஒட்டிவிடலாம்.