முதல் கம்ப்யூட்டர் கடைகள்: இந்த வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கம்ப்யூட்டரின் வரலாறு என்று எதைத் திறந்தாலும் ஒரு கராஜ், ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கிய இரண்டு இளைஞர்கள், ஒரு சர்க்யூட் போர்டு என்றுதான் தொடங்குகிறது. அந்தப் போர்டைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்து, உள்ளே வந்தவரிடம் "இதை வைத்து என்ன செய்யலாம்" என்று விளக்கிய கடைக்காரர் கதையில் எங்கேயும் வருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தால்தான் எந்த மெஷின் ஏன் விற்றது, எது ஏன் செத்தது என்பது புரியும். அப்படிப் பார்க்காததால்தான் சில தவறுகள் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன.

ரொம்பச் சாதாரணமாக வருவது, பைட் ஷாப்தான் முதல் கம்ப்யூட்டர் கடை என்பது. ஆப்பிள் கதையோடு சேர்ந்து அந்தப் பெயர் புகழ் பெற்றதால் வந்த வினை. பால் டெரல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் பைட் ஷாப்பைத் திறந்தது 1975 டிசம்பரில். அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பிகோ புலவார்ட் என்ற சாலையில் டிக் ஹைசர் கடை போட்டுவிட்டார். கடையின் பெயரே 'தி கம்ப்யூட்டர் ஸ்டோர்'. அவர் விற்றது ஆல்டேர் 8800. அந்த வருடம் ஜனவரி மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்து, அஞ்சல் வழியாகச் சுமார் 400 டாலருக்கு உதிரிபாகங்களாக விற்ற மெஷின் அது.

உதிரிபாகங்கள் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அடுத்த தவறு அங்கேதான் இருக்கிறது. 1975-ல் கடையில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள் என்றதும் கீபோர்டும் திரையும் உள்ள பெட்டியை மனதில் கொண்டுவந்துவிடுகிறோம். ஆல்டேரில் இரண்டுமே கிடையாது, முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகளும் சின்னச் சின்ன விளக்குகளும்தான். வாங்கியவர் தானே சால்டர் செய்து (ஈயம் உருக்கிப் பற்றவைத்து) சேர்க்க வேண்டும், பலருக்கு அது ஓடவே ஓடாது. அதனால் அந்தக் காலத்துக் கடை என்பது பாதி பட்டறை. சேர்த்துக் கொடுப்பது, பழுது பார்ப்பது, எதோடு எது ஒத்துப்போகும் என்று சொல்வது, இதற்குத்தான் ஜனங்கள் அங்கே போனார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆப்பிள் I ஆர்டரைப் பாருங்கள். 1976-ல் டெரல் 50 ஆப்பிள் I போர்டுகளை ஒன்று 500 டாலர் வீதம், சரக்கு கைக்கு வந்ததும் காசு என்ற ஒப்பந்தத்தில் கேட்டார். ஆப்பிளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸின் பேச்சுத்திறமைக்கு உதாரணமாக இதை எழுதுவது வழக்கம். என் பார்வையில் இதில் கவனிக்க வேண்டியது டெரல் போட்ட நிபந்தனை: உதிரிபாகமாக வேண்டாம், சேர்த்தே கொடுங்கள். கிட், அதாவது உதிரிபாகத் தொகுப்பு, வாங்கிப்போய்த் திண்டாடிய வாடிக்கையாளர்களைத் தினமும் பார்த்தவர் அவர். அப்படியும் வந்து சேர்ந்தது போர்டு மட்டும்தான். கீபோர்டு, பவர் சப்ளை, மேல்பெட்டி எதுவும் இல்லை, அவற்றுக்குக் கடை தனியாக வழி பார்க்க வேண்டியிருந்தது. விற்ற விலை 666.66 டாலர், இன்றைய மதிப்பில் 3,500 டாலருக்கும் மேல். பழைய விலைகளை எழுதும்போது இந்தக் கணக்கை விட்டுவிட்டால், அன்றைக்கு எல்லாம் மலிவு என்ற தப்பான எண்ணம் வந்துவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ரேடியோ ஷாக், கம்ப்யூட்டர்லேண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சங்கிலிகளும் ஒரே மாதிரியான கடைகள் என்று நினைத்துவிடக் கூடாது. இம்சாய் என்ற மெஷினைத் தயாரித்த நிறுவனத்தை நடத்திய வில்லியம் மில்லர்ட் 1976-ல் 'கம்ப்யூட்டர் ஷாக்' என்று ஆரம்பித்தார். ரேடியோ ஷாக்கின் சொந்தக்காரரான டாண்டி நிறுவனம் பெயருக்கு மறுப்புத் தெரிவிக்கவே அது கம்ப்யூட்டர்லேண்ட் ஆனது. இது ஃபிரான்சைஸ்: அந்தந்த ஊர்க்காரர் முதல் போட்டுக் கடை நடத்துவார், பல கம்பெனிகளின் மெஷின்களை அருகருகே வைத்து விற்பார். 1980-களின் நடுவில் சுமார் 800 கடைகள் வரை வளர்ந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியைக் கொண்டுவந்தபோது, தன் ஆட்களை மட்டும் நம்பாமல் கம்ப்யூட்டர்லேண்டையும் சியர்ஸ் என்ற பல்பொருள் கடைச் சங்கிலியையும் தேடிப் போனது.

ரேடியோ ஷாக் நேர் எதிர். எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ஆயிரக்கணக்கான கடைகளை ஏற்கெனவே வைத்திருந்த சங்கிலி அது. 1977 ஆகஸ்டில் டிஆர்எஸ்-80 மெஷினை மானிட்டர், கேசட் ரெக்கார்டரோடு 599.95 டாலருக்கு அறிவித்தது. முதலில் 3,500 செய்தால் போதும் என்று முடிவெடுத்ததாகச் சொல்வார்கள். விற்காவிட்டால் கடைக்கு ஒன்றாகக் கொடுத்துச் சரக்குக் கணக்குப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், கடைகளும் ஏறக்குறைய அத்தனை இருந்தன. ஆனால் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே 10,000-க்கும் மேல் போய்விட்டது. ஆகவே ஆப்பிள் II, காமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் ஒரே வருடம் வந்ததால் மூன்றும் ஒரே மாதிரி விற்றிருக்கும் என்று எழுதுவது சரியில்லை. அமெரிக்காவின் சிறு ஊர்களில்கூட நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தது ரேடியோ ஷாக்தான். அதே சமயம் தன் சரக்கை மட்டுமே முன்னிறுத்தி, வெளியார் எழுதிய மென்பொருளை அலமாரியில் வைக்கத் தயங்கியது பின்னால் அதற்கே பாதகமாயிற்று.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். அமெரிக்காவில் வீட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நடத்திய 1982-83 விலைப்போரை "மலிவானதால் மக்கள் வாங்கினார்கள், காமடோர் ஜெயித்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது. நடந்தது அவ்வளவு நேரானது இல்லை. 300 டாலருக்கு வந்த காமடோர் விக்-20, கம்ப்யூட்டர் கடையோடு நிற்காமல் கே-மார்ட் போன்ற பெரிய தள்ளுபடிக் கடைகளுக்குப் போனது. பொம்மையும் துணியும் விற்கும் இடத்தில் கம்ப்யூட்டர். விக்-20 பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் கம்ப்யூட்டர் ஆனதற்கு இது முக்கியக் காரணம். 1981-ல் 525 டாலர் விலை வைத்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-99/4ஏ மெஷினும் 100 டாலர் தள்ளுபடியோடு போட்டியில் இறங்கியது. இருவரும் மாறி மாறி இறக்கி, 1983-ல் டிஐ-99/4ஏ 99 டாலருக்கு வந்தது. 595 டாலரில் தொடங்கிய காமடோர் 64 ஏறக்குறைய 200 டாலருக்கு விழுந்தது. பழைய கம்ப்யூட்டரையோ வீடியோ கேம் பெட்டியையோ கொடுத்தால் 100 டாலர் கழிவு என்று காமடோர் அறிவித்ததும், அதைவிட மலிவான டைமெக்ஸ் சின்க்ளேர் என்ற கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்கூட இருந்தார்கள்.

இதில் அடிபட்டது யார்? முதலில், சிறு கடைக்காரர். நேற்று அவர் கம்பெனியிடம் வாங்கிய விலைக்கும் கீழே இன்று எதிர்த்த தள்ளுபடிக் கடையில் விற்றால், அவரால் எப்படித் தாங்க முடியும்? பல மணி நேரம் உட்கார்ந்து வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர், வாங்கியதோ பக்கத்துக் கடையில். காமடோரை நம்பியிருந்த விற்பனையாளர்கள் பலர் மனம் வெறுத்து விலகியது இதனால்தான். அப்புறம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே. கோடிக்கணக்கான டாலர் நட்டப்பட்டு 1983 அக்டோபர் கடைசியில் வீட்டுக் கம்ப்யூட்டர் தொழிலை விட்டே வெளியேறியது. மிச்சம் இருந்ததைக் கடைகள் 49 டாலருக்குக் கூடத் தள்ளிவிட்டன. எனவே விற்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வெற்றி என்று எழுதாதீர்கள், என்ன விலைக்கு விற்றது, விற்ற கடைக்கு என்ன மிஞ்சியது என்பதையும் கேளுங்கள்.

அந்தப் பெட்டி விலைக்குள் எது அடக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். டிஆர்எஸ்-80 விலையில் மானிட்டர் உண்டு, விக்-20 வாங்கினால் வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும், கேசட் டிரைவ் தனிக் காசு. ஐபிஎம் பிசியின் ஆரம்ப விலை 1,565 டாலர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் திரையும் டிஸ்க் டிரைவும் சேரவில்லை. இரண்டு விலைகளை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

கடைசியாக, அமெரிக்கக் கதையையே எல்லா நாட்டுக்கும் போர்த்திவிடுவது. பிரிட்டனில் வழியே வேறு. சின்க்ளேர் கம்பெனியின் இசட்எக்ஸ்81 மெஷின் 1981 மார்ச்சில் அஞ்சல் வழியாக, கிட் என்றால் 49.95 பவுண்டு, சேர்த்தது என்றால் 69.95 பவுண்டு என்று வந்தது. பிறகு அதை நகரக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது டபிள்யூ.எச்.ஸ்மித், பத்திரிகையும் புத்தகமும் நோட்டும் பேனாவும் விற்ற பழைய சங்கிலிக் கடை. பள்ளி விட்டு வந்த பையன்கள் கடையில் வைத்திருந்த மெஷினில் 'பேசிக்' (BASIC) என்ற கம்ப்யூட்டர் மொழியில் இரண்டு வரி தட்டி, தங்கள் பெயர் திரை முழுக்க ஓடும்படி விட்டுவிட்டுப் போவார்கள்.