ஆட்டு மூளை ஒன்று வாங்கி மத்திய நரம்பு மண்டலம் படிப்பது எப்படி

பிளஸ் டூ உயிரியலோ நர்சிங் முதல் வருடமோ படிக்கிற பிள்ளைகள் மூளைப் படத்துக்கு அம்புக்குறி போட்டுப் போட்டே மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. காலையிலேயே புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போங்கள். கறிக்கடையில் ஆட்டுத் தலையை நடுவே பிளந்து மூளையை எடுத்தால் இரண்டு துண்டாகிவிடும், அதனால் "படிக்கிறதுக்குண்ணே, உடையாம எடுத்துக் குடுங்க" என்று கூட்டம் சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மேலே ரத்த நாளங்களோடு ஒட்டியிருக்கும் சவ்வைப் பாருங்கள், வறுவலுக்கு முன் உரித்துப் போடுவார்களே, அதேதான். மூளைக்கு மூன்று உறைகள். தடித்த டியூராமேட்டர் பெரும்பாலும் மண்டையோட்டிலேயே தங்கிவிடும். கையில் உரிந்து வருவது அரக்னாய்டும் பயாமேட்டரும். இவை இரண்டுக்கும் நடுவில்தான் மூளைத் தண்டுவடத் திரவம் இருக்கிறது.

பச்சையாக அறுத்தால் நசுங்கும். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டால் கெட்டிப்படும். அப்புறம் நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வெள்ளைப் பட்டைதான் கார்பஸ் கலோசம். ஒரு பாதியைக் குறுக்கேயும் வெட்டினால் ஓரம் சாம்பலாகவும் உள்ளே வெள்ளையாகவும் தெரியும்: ஓரத்தில் நரம்பு செல்களின் உடல்கள், உள்ளே அவற்றின் நீண்ட இழைகள். மனிதனில் இந்த இழைகளில் கை காலை அசைப்பவை பெரும்பாலும் முகுளத்தில், அதாவது மூளை தண்டுவடத்தோடு சேரும் இடத்தில், பக்கம் மாறிவிடுகின்றன, அதனால்தான் இடது மூளையில் பக்கவாதம் வந்தால் வலது கை விழுகிறது, பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது.

பின்னால் நெருக்கமான வரிகளோடு இருப்பது சிறுமூளை. வெட்டினால் உள்ளே மரக்கிளை போல வெள்ளை படர்ந்திருக்கும். உடம்பைத் தள்ளாடாமல் பார்த்துக்கொள்ளும் அதன் வேலைக்கு நம் ஊரில் உதாரணம் தேட வேண்டியதில்லை, ராத்திரி சாராயக்கடை வாசலில் கால் பின்னிக்கொண்டு நடக்கிறவர்களைப் பாருங்கள், போதை முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அடியில் இருக்கும் முகுளம் மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொள்கிறது. அங்கே பலத்த அடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

அறுத்துப் பார்த்ததைச் சமைக்காதீர்கள், பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூளையின் தொடர்ச்சியாக முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தைப் பார்க்க ஆட்டின் கழுத்தெலும்புத் துண்டு போதும், ஓட்டைக்குள் வெள்ளையாகத் தெரிவது அதுதான். இங்கே நிறம் தலைகீழ், வெள்ளை வெளியே, சாம்பல் உள்ளே. மனிதனின் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. தான், அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. பெரியவர்களுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் அருகிலேயே முடிந்துவிடுகிறது. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி அதற்குக் கீழேதான் இறங்குகிறது, தண்டுவடத்திலேயே குத்திவிடுவார்கள் என்று வீட்டில் யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.